நடுவழியில் தங்கும் கோப்பு
தரவுத்தளங்களைப் பராமரிக்கும் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



மருத்துவமனை, பள்ளிக்கூடம், சிட்பண்டு, நகைக்கடை, திருமணத் தகவல் மையம் என்று பல இடங்களின் தரவுத்தளங்களை ஓரிரு சர்வர்களில் வைத்து, தனியாளாகவோ நாலைந்து பேராகவோ பார்த்துக்கொள்ளும் உங்களுக்குத்தான் இந்த மடல். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கும். உங்கள் நிலைமை வேறு. பில்லில் வரி தப்பாக வந்தாலும் உங்களுக்குத்தான் போன் வரும், பிரிண்டர் மக்கர் செய்தாலும் உங்களுக்குத்தான் வரும். இதற்கு நடுவில் தினமும் தரவுத்தளத்தை டம்ப் எடுத்து, வேறோர் ஊரில் இருக்கும் இன்னொரு சர்வரில் சேர்க்கவும் வேண்டும். அந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் இங்கே பேச்சு.

ஆஸ்திரேலிய செஞ்சிலுவைச் சங்கத்தின் இரத்த சேவைக்கு 2016இல் நேர்ந்ததிலிருந்து தொடங்கலாம். இரத்த தானம் செய்ய விரும்புவோர் இணையத்தில் படிவம் நிரப்பி நாள் குறித்துக்கொள்ளும் தளம் அது. அதைப் பராமரித்த ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று, தரவுத்தளத்தை டம்ப் எடுத்து ஒரு வெப் சர்வரில் சேமித்தார். அவர் சேமித்த ஃபோல்டர், உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய ஃபோல்டர். 1.74 ஜிபி அளவுள்ள ஒற்றைக் கோப்பு. அதற்குள் ஏறக்குறைய 5,50,000 பேரைப் பற்றிய 12.8 லட்சம் பதிவுகள். பெயர், முகவரி, பிறந்த தேதி, இரத்த வகை என்பதோடு நிற்கவில்லை. கடந்த 12 மாதங்களில் ஆபத்தான பாலுறவு ஏதும் உண்டா என்ற கேள்விக்கு அவர்கள் தந்த பதிலும் அதில் இருந்தது.

ஏழு வாரம் அது அங்கேயே கிடந்தது. ஐபி முகவரிகளை வரிசையாகத் துழாவி, கோப்புப் பட்டியலைத் திறந்து காட்டும் சர்வர்களில் டம்ப் கோப்பு தென்படுகிறதா என்று தேடிய ஒருவரின் கண்ணில் அக்டோபர் 25 அன்று பட்டது. அவர் அதைப் பாதுகாப்பு ஆய்வாளர் டிராய் ஹண்டுக்குத் தெரிவித்தார். ஹண்டின் தகவலும் அதற்குள் இருந்தது. அவரும் இரத்த தானம் செய்பவர். விசாரணைக்குப் பிறகு இரத்த சேவையும் ஒப்பந்த நிறுவனமும், இரு தரப்புமே, தகவல் ஆணையத்திடம் சட்டப்படி செல்லத்தக்க உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இதில் யாரும் பூட்டை உடைக்கவில்லை. கடவுச்சொல்லைத் திருடவும் இல்லை. ஒரு கோப்பு போகவேண்டிய இடத்துக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் இறக்கிவைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

உங்களில் பலரின் வழக்கமும் ஏறத்தாழ இதுவே. முதலில் சர்வரிலேயே டம்ப் எடுப்பது. பிறகு அதை லேப்டாப்புக்கு இறக்குவது. அங்கிருந்து இன்னொரு சர்வருக்கு ஏற்றுவது. மூன்று படி முடிந்ததும் ஒரே தரவு நாலு இடத்தில் இருக்கிறது: மூலத்தில் ஒன்று, மூல சர்வரின் ஃபோல்டரில் ஒன்று, உங்கள் லேப்டாப்பின் டவுன்லோடு ஃபோல்டரில் ஒன்று, போய்ச் சேர்ந்த இடத்தில் ஒன்று. நடுவில் உள்ள இரண்டையும் யாரும் கேட்கவில்லை. அழிக்க வேண்டும் என்று எண்ணுவீர்கள். அதற்குள் போன் அடிக்கும். சிலர் இறக்குவது எளிதாக இருக்கட்டும் என்று டம்ப்பை வலைத்தளத்தின் பொது ஃபோல்டரிலேயே வைத்து, பிரவுசரில் முகவரியைத் தட்டி இறக்கிக்கொள்வதும் உண்டு. 'பேக்கப்', 'டேட்டா', 'டிபி' என்ற பெயர்களில் கோப்பு கிடைக்கிறதா என்று ஊர் ஊராகத் தட்டிப் பார்க்கும் பாட்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்தச் சிறு தளத்தின் ஆக்சஸ் லாக்கைத் திறந்தாலும் அவற்றின் கைவரிசை தெரியும்.

பிரிட்டனில் நடுவழி என்பது தபாலாகவே இருந்தது. 2007 அக்டோபரில் வருவாய்த் துறை, குழந்தைகள் உதவித்தொகைத் தரவுத்தளம் முழுவதையும் இரண்டு குறுந்தகடுகளில் எழுதி, தேசியத் தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பியது. 72.5 லட்சம் குடும்பங்கள், 2.5 கோடிப் பேர், வங்கிக் கணக்கு எண்கள் உட்பட. தகடுகள் போய்ச் சேரவேயில்லை. கடவுச்சொல் இருந்தது, மறையாக்கம் இல்லை. துறைத் தலைவர் பால் கிரே பதவி விலகினார். இதில் கவனிக்கத்தக்க சங்கதி வேறு: வங்கி விவரம் முதலியவற்றை நீக்கிவிட்டே கொடுங்கள் என்று தணிக்கை அலுவலகம் முன்பே கேட்டிருந்தது. அப்படிப் பிரித்தெடுத்தால் கூடுதல் செலவாகும் என்று முழுவதையும் எழுதி அனுப்பிவிட்டார்கள். ஏற்றுமதி செய்யும்போது தேவையற்ற அட்டவணைகளை விட்டுவிட ஒரு வரி நிரல் போதும். அந்த ஒரு வரிக்குச் சோம்பல்படுபவர்கள் அரசுத் துறையில் மட்டும் இல்லை.

நடுக்கோப்பே இல்லாமல் அனுப்ப முடியுமா? முடியும். புதிதாக எதையும் வாங்கவும் வேண்டாம். யூனிக்ஸில் 1973இலேயே அதற்கு வழி வந்துவிட்டது. ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலின் உள்ளீடாகக் கோத்துவிடலாம் என்று டக் மெக்கில்ராய் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததைக் கென் தாம்சன் செய்து காட்டினார். அதற்குப் பெயர் பைப், குழாய். அதன் மறுமுனையை வேறோர் ஊருக்குப் பாதுகாப்பாக நீட்டும் வசதி 1995இல் வந்தது. ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திரட்டியதைக் கண்ட டாட்டு இலோனென், எஸ்எஸ்எச்சை எழுதினார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று இருக்க, நடுவில் காலியாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கினார். அவர் மாற்ற நினைத்த அந்த எஃப்டிபியை 1971இல் வரையறுத்தவர், கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்த அபய் பூஷண். அந்தக் காலத்துக்கு அது அருமையான வேலை. ஆனால் கடவுச்சொல்லைத் திறந்த அஞ்சலட்டையாக அனுப்பும் அந்த நெறியை இன்றும் பேக்கப்புக்குப் பயன்படுத்துவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

ஆக, வேலை இவ்வளவுதான். டம்ப் எடுக்கும் கட்டளையை எந்தக் கோப்பிலும் எழுதச் சொல்லாமல் விட்டால், அது தரவைத் திரைக்கு, அதாவது நிலையான வெளியீட்டுக்கு, அனுப்பும். அதை அப்படியே சுருக்கும் நிரலுக்குள் விடவேண்டும். அங்கிருந்து எஸ்எஸ்எச் வழியாகத் தொலை சர்வருக்கு. அங்கே அது வந்தபடியே கோப்பாக எழுதப்படும், அல்லது நேரே இன்னொரு தரவுத்தளத்துக்குள் ஏற்றப்படும். மூல சர்வரின் வட்டில் ஒரு பைட்டும் எழுதப்படுவதில்லை. 40 ஜிபி தரவுத்தளம் இருக்கும் சர்வரில் 5 ஜிபி மட்டுமே காலி என்றாலும் பேக்கப் தடையில்லாமல் போகும். லினக்ஸில் இந்தக் குழாய் ஒரு நேரத்தில் தாங்குவது 64 கேபிதான். மடையை அடைத்தால் வாய்க்காலில் நீர் நிற்பதுபோல, வாங்குபவர் நின்றால் கொடுப்பவரும் நின்றுவிடுவார். யாரும் திட்டமிட வேண்டியதில்லை, இயக்குதளமே பார்த்துக்கொள்கிறது.

கட்டளை வரியில் எளிதாகத் தோன்றும் இது, நிரலுக்குள் வரும்போது கெட்டுப்போவதுண்டு. பைதானில் எழுதுபவர்கள் டம்ப்பை ஓட்டி, அதன் வெளியீடு மொத்தத்தையும் ஒரு மாறியில் பிடித்து, பிறகு அனுப்புகிறார்கள். சோதனைத் தரவுத்தளம் 20 எம்பி, பிரமாதமாக ஓடும். உண்மைத் தரவுத்தளம் 20 ஜிபி. சர்வரின் நினைவகம் தீர்ந்து, இயக்குதளம் எதையாவது கொன்றாக வேண்டும். அதிக நினைவகத்தைப் பிடித்திருந்தால் தரவுத்தளமே பலியாகவும் கூடும். பிஎச்பியிலும் இதே கதை. கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் படிக்கும் செயற்கூற்றை அழைத்தால், இயல்பாக உள்ள 128 எம்பி வரம்பில் முட்டி நிற்கும். துண்டு துண்டாகப் படித்து, படித்த கையோடு எழுதுங்கள். பைதானில் அதற்கென்றே நகலெடுக்கும் செயற்கூறு இருக்கிறது. இன்னொரு பொறியும் உண்டு. டம்ப் நிரலின் பிழைச் செய்திகளுக்குத் தனிக் குழாய் வைத்துவிட்டு, அதை யாருமே படிக்காவிட்டால், எச்சரிக்கைகள் 64 கேபியை நிரப்பியதும் எல்லாம் உறைந்து நிற்கும். பிழை என்று ஒரு வரிகூட வராது. காலையில் பார்த்தால் நேற்றிரவு தொடங்கிய வேலை இன்னும் 'ஓடிக்கொண்டிருக்கும்'.

பாராமிக்கோ நூலகத்தைப் பயன்படுத்துபவர்களிடம் தனியாக ஒரு சொல். முன்பின் தெரியாத சர்வரின் சாவியையும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் கொள்கையை நிரலின் மூன்றாவது வரியில் ஒட்டிவைப்பது பழக்கமாகிவிட்டது. எந்த எடுத்துக்காட்டைப் பார்த்தாலும் அந்த வரி இருப்பதுதான் காரணம். எதிர்முனையில் நிற்பது உங்கள் சர்வர்தானா என்று பார்க்காமலே வாடிக்கையாளரின் மொத்தத் தரவையும் கொடுக்கிறீர்கள் என்பதே அதன் பொருள். தொலை சர்வரின் சாவியை ஒருமுறை சரிபார்த்துப் பதிந்துவைத்தால் போதும். அந்த வரி தேவைப்படாது.

இனி, நேரடி அனுப்புதலின் உண்மையான ஆபத்துக்கு வருவோம். மடலின் நோக்கமே இந்தப் பகுதிதான்.

நடுக்கோப்பு இருந்தபோது, அதன் அளவைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பாவது இருந்தது. ஓடும் குழாயில் அது இல்லை. பாதியில் அறுந்த தரவு மறுமுனையில் முழுக் கோப்பைப்போலவே வந்து உட்காரும். மைஎஸ்கியூஎல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சர்வர், தான் அனுப்பும் தரவை வாங்குபவர் 60 நொடி எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் தொடர்பைத் துண்டித்துவிடும். இயல்பாக வைக்கப்பட்ட அளவு அது. கோப்பில் எழுதும்போது இந்த நிலைமை வருவது அரிது. வட்டு அவ்வளவு மெதுவாக இருக்காது. ஆனால் ஊர்விட்டு ஊர் போகும் இணைப்பு இரண்டு நிமிடம் திணறினால், குழாய் நிற்கும், டம்ப் நிற்கும், சர்வர் கையைக் கழுவிவிடும். டம்ப் நிரல் பிழை சொல்லிவிட்டு வெளியேறும். அதற்கு அடுத்து இருக்கும் ஜிஜிப்புக்கு என்ன தெரியும்? உள்ளீடு முடிந்தது என்று மட்டும் தெரியும். வந்த வரைக்கும் சுருக்கி, ஒழுங்காக வாலையும் எழுதி மூடும். எஸ்எஸ்எச் அதைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்துவிட்டு, வெற்றி என்று 0 திருப்பித் தரும். பாஷ் ஷெல் இயல்பாகக் கேட்பது கடைசி நிரலின் பதிலை மட்டுமே. ஆகவே க்ரான் வேலையும் வெற்றி.

இப்போது அந்தக் கோப்பைச் சோதியுங்கள். ஜிஜிப்பின் சோதனையில் தேறும். சுருக்கம் ஒழுங்காகத்தான் முடிந்திருக்கிறது. இரு முனையிலும் செக்சம் எடுத்துப் பாருங்கள், அச்சாகப் பொருந்தும். அனுப்பியது அப்படியே வந்தது என்பதைத்தான் செக்சம் சொல்லும். அனுப்பியதே பாதி என்பதை அது அறியாது. போஸ்ட்கிரெஸ்ஸின் தனி வடிவ டம்ப்பில் இன்னும் வேடிக்கை. உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் தலையிலேயே இருக்கும் என்பதால், வால் அறுந்த கோப்பும் பட்டியலைக் கேட்டால் எல்லா அட்டவணைகளின் பெயரையும் ஒப்பிக்கும்.

இதற்கு மருந்து உண்டு, கசப்பும் இல்லை. குழாயில் எந்த நிரல் தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று ஷெல்லுக்குச் சொல்லும் 'பைப்ஃபெயில்' அமைப்பை நிரலின் தலையில் போடுங்கள். பைதானில் எழுதினால் ஒவ்வொரு நிரலின் வெளியேற்று எண்ணையும் தனித்தனியே கேளுங்கள். மைஎஸ்கியூஎல் டம்ப் முழுதாக முடிந்தால் கடைசி வரியில் முடிந்த நேரத்தை எழுதிவைக்கும். போஸ்ட்கிரெஸ்ஸின் எழுத்துவடிவ டம்ப்பும் முடிந்தது என்று ஒரு வரி எழுதும். தொலை முனையில் அந்த முடிவு வரி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வரும்போது கோப்புக்குத் தற்காலிகப் பெயர் வையுங்கள். இத்தனை சோதனையும் தேறிய பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். அப்படிச் செய்தால், பேக்கப் ஃபோல்டரில் தேதியோடு நிற்கும் எந்தக் கோப்பும் சோதனை தேறியதாகத்தான் இருக்கும். பாதியில் செத்தவை தற்காலிகப் பெயரோடே கிடந்து தங்களைக் காட்டிக்கொடுக்கும்.

எண்ணிப் பார்ப்பதும் வேண்டும். இங்கிலாந்தில் கொரோனா காலத்தில், 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, 15,841 பேரின் தொற்று முடிவுகள் தினசரிக் கணக்கில் சேரவில்லை. ஆய்வகங்கள் ஒழுங்காகத்தான் அனுப்பின. வாங்கிய இடத்தில் அவற்றைப் பழைய எக்செல் வடிவக் கோப்பில் கொட்டினார்கள். அந்த வடிவம் தாங்குவது 65,536 வரிசைகள். மிஞ்சியவை சத்தமில்லாமல் உதிர்ந்தன. அந்த நோயாளிகளுடன் பழகியவர்களைத் தேடிச் சொல்லும் வேலை அத்தனை நாள் தாமதமானது. அனுப்பிய வரிசை எத்தனை, வந்த வரிசை எத்தனை என்று ஒப்பிட இரண்டு எண்கள் போதுமாயிருந்தன.

நேரடி அனுப்புதல் எல்லா இடத்துக்கும் ஏற்றது என்று இந்த மடல் வாதிடவில்லை. அறுந்த குழாயை அறுந்த இடத்திலிருந்து தொடர முடியாது. 300 ஜிபியில் 290 போன பிறகு இணைப்பு விழுந்தால், மறுபடி முதலிலிருந்துதான். அவ்வளவு பெரிய தரவுத்தளம் என்றால், பல இழைகளில் ஃபோல்டராக டம்ப் எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரிந்த ஆர்சிங்க்கிடம் கொடுப்பதே மேல். ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் 1996இல் எழுதிய அது இன்றும் அலுக்காமல் உழைக்கிறது. அப்போது நடுக்கோப்பு தவிர்க்க முடியாதது. அதை வலைத்தளத்தின் ஃபோல்டருக்கு வெளியே, வேறு யாரும் படிக்க முடியாத உரிமையோடு வைத்து, போய்ச் சேர்ந்ததும் நிரலே அழிக்கட்டும். இன்னொரு விலையும் இருக்கிறது. டம்ப் எடுக்கும்போது ஒரே நேரத்து நிலையைப் பிடிப்பதற்காக ஒரு பரிவர்த்தனை திறந்தே இருக்கும். மெதுவான இணைப்பில் அது மணிக்கணக்கில் நீளும். அதுவரை பழைய பதிவுகளைத் தரவுத்தளத்தால் துப்புரவு செய்ய முடியாது. எனவே, அனுப்புவதற்கு முன்பே சுருக்குங்கள், கடை அடைத்த பிறகு ஓட்டுங்கள். மைஎஸ்கியூஎல்லில் அந்த ஒற்றைப் பரிவர்த்தனை அமைப்பு இன்னோடிபி அட்டவணைகளுக்குத்தான் பலன் தரும் என்பதும் நினைவிருக்கட்டும். பழைய மைஐசாம் அட்டவணைகள் இன்னும் எத்தனையோ பில்லிங் மென்பொருள்களில் உயிரோடு இருக்கின்றன.

அனுப்பும் சாவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் ஏறக்குறைய அரை நாளில் அழிந்தது. மற்ற நிரலாளர்களின் மூலநிரலைக் காத்துத் தருவதே அதன் தொழில். அதன் அமேசான் கணக்கின் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் புகுந்த ஒருவன் பணம் கேட்டான். நிர்வாகம் அவனை வெளியேற்ற முயன்றதும் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினான். தரவும் போனது, பேக்கப்பும் போனது, இரண்டும் ஒரே கணக்கின் கீழ் இருந்ததால். நிறுவனம் கடையை மூடியது. உங்கள் மூல சர்வரில் இருக்கும் எஸ்எஸ்எச் சாவி, பேக்கப் சர்வருக்குள் எதையும் செய்யும் சாவியாக இருந்தால், மூலத்தைக் கைப்பற்றியவன் பேக்கப்பையும் துடைத்துவிடுவான். அந்தச் சாவியை ஒரே ஒரு கட்டளையோடு கட்டிப்போட எஸ்எஸ்எச்சிலேயே இடம் உண்டு. வருவதை வாங்கிப் புதிய கோப்பாக எழுது, அதற்குமேல் படிக்காதே, அழிக்காதே என்று தொலை முனையிலேயே விதித்துவிடலாம். 2016இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 7.2 முதல், மற்ற எல்லா வசதியையும் ஒரே சொல்லில் பறிக்கவும் முடிகிறது.

குழாயில் இன்னொரு கண்ணியைக் கோத்து, போகும்போதே பொதுச் சாவியால் மறையாக்கம் செய்துவிடுங்கள். திறக்கும் சாவி இரு சர்வரிலும் இருக்க வேண்டியதில்லை. உரிமையாளரின் பெட்டகத்தில் இருக்கட்டும், இரண்டு இடத்தில். அது தொலைந்தால் பேக்கப்பும் தொலைந்தது என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லையும் கட்டளை வரியில் எழுத வேண்டாம். சர்வரில் ஓடும் நிரல்களின் பட்டியலை எடுப்பவர் கண்ணில் அது பட்டுவிடக்கூடும். இரண்டு தரவுத்தளங்களுமே அதற்கென்று தனி அமைப்புக் கோப்பை ஏற்கும். போஸ்ட்கிரெஸ் அந்தக் கோப்பை மற்றவர் படிக்க முடிகிறது என்று கண்டால் தொடவே தொடாது.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்தப் பொறுப்பு தரவை வைத்திருக்கும் நிறுவனத்தின் தலையில் விழும், வேலை செய்துகொடுத்த உங்கள் மேல் அல்ல. அதாவது உங்கள் கவனக்குறைவுக்கு உங்களை நம்பிய கடைக்காரர் பதில் சொல்வார்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை. ஏற்றுமதி செய்தபோது சரியாக இருந்த பெயர்கள், மறுமுனையில் ஏற்றியதும் தலையில் கோடு போட்ட ரோமன் எழுத்துகளாகவும் வட்டத்துக்குள் அடைபட்ட பதிவுக்குறியாகவும் மாறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அனுப்பியதில் பிழையில்லை. பழைய அட்டவணை லத்தீன் எழுத்துமுறை என்று அறிவிக்கப்பட்டு, அதற்குள் யூடிஎஃப்-8 பைட்டுகள் வைக்கப்பட்டிருக்கும். டம்ப் அதை நல்லெண்ணத்தோடு மறுபடியும் யூடிஎஃப்-8 ஆக்கியிருக்கும். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் மூன்று பைட்; மாற்றிய பிறகு ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகிவிடுகிறது. டம்ப் எடுக்கும்போதே எழுத்துமுறையை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மைஎஸ்கியூஎல்லின் பழைய 'யூடிஎஃப்8' மூன்று பைட்டோடு நின்றுவிடும். எமோஜிக்கு நான்கு வேண்டும். எமோஜி போனால் போகட்டும் என்பவர்கள் இதையும் கேளுங்கள்: முந்திரி முதலான பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் 2019இல் யூனிகோடில் சேர்ந்தபோது நான்கு பைட் பகுதியில்தான் இடம்பெற்றன. கல்வெட்டையும் பழைய கணக்கேடுகளையும் தரவுத்தளத்தில் ஏற்றுபவர்களுக்கு அது சிறிய சங்கதி அல்ல.

கடைசியாக கிட்லேப். 2017 ஜனவரி 31 இரவு, அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணைத் தரவுத்தளத்தின் ஃபோல்டரைத் துடைப்பதாக எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் ஃபோல்டரைத் துடைத்தார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பதற்றமில்லை, தினமும் டம்ப் எடுத்து அமேசான் கிடங்குக்கு அனுப்பும் நிரல் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தார்கள். கிடங்கு காலி.

காரணம் சின்னது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6; டம்ப் எடுத்த நிரலோ 9.2. தன்னைவிடப் புதிய பதிப்பை டம்ப் எடுக்க அந்த நிரல் மறுக்கும், மறுத்தது. தோல்வியைச் சொல்லி க்ரான் அனுப்பிய மின்னஞ்சல்களை, டிமார்க் சரிபார்ப்பில் தேறவில்லை என்று எதிர்முனை திருப்பிவிட்டது. அனுப்பும் நிரல் கத்திக்கொண்டுதான் இருந்தது. கேட்கும் காதுதான் இல்லை. முடிவில் காப்பாற்றியது, வேறு வேலைக்காக ஒரு பொறியாளர் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்துவைத்த வட்டுப் பிரதி. அதைச் சோதனைச் சர்வரின் மெதுவான வட்டிலிருந்து நகலெடுக்க மட்டும் சுமார் 18 மணி நேரம் பிடித்தது. மறுநாள் மாலை தளம் திரும்பியபோது ஆறு மணி நேரத் தரவு போயிருந்தது. ஏறத்தாழ 5,000 திட்டங்களும் 700 புதிய கணக்குகளும் பாதிக்கப்பட்டன. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்த ஏற்பாடுகளில் உங்களுக்கும் கைக்கு எட்டுவது ஒன்று: பேக்கப்பைத் தானாகவே மீட்டுப் பார்க்கும் சோதனை. பேக்கப் சர்வரில் வாரம் ஒருமுறை ஒரு காலித் தரவுத்தளத்தைத் திறந்து, வந்திருக்கும் கடைசிக் கோப்பை அதில் ஏற்றி, முக்கியமான ஐந்தாறு அட்டவணைகளின் வரிசைகளை எண்ணி, கடைசி பில்லின் தேதியைப் படித்து, அந்த எண்களை உங்கள் போனுக்கு அனுப்பும் நிரல் ஒரு பிற்பகல் வேலை. மறையாக்கம் செய்திருந்தால் இந்த வேலையும் முடிவு வரியைப் பார்க்கும் சோதனையும் திறக்கும் சாவி இருக்கும் மூன்றாவது கணினியில் நடக்கட்டும். தோற்றால் மட்டும் செய்தி அனுப்பு என்று எழுதாதீர்கள். வெற்றி என்றாலும் செய்தி வரட்டும். திங்கள்கிழமை காலை எண்கள் வரவில்லை என்றால் அதுவே அலாரம்.

வணக்கத்துடன்,
உங்கள் தொழிலைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒருவர்

பின்குறிப்பு: எஸ்எஸ்எச்சுக்குப் பதில் அமேசான் கிடங்குக்கே குழாயை நீட்டுபவர்கள் கவனிக்க. நீளம் தெரியாத ஓட்டத்தை அது துண்டுகளாக வாங்கும். அதிகபட்சம் 10,000 துண்டுகள். 50 ஜிபியைத் தாண்டும் என்றால் எதிர்பார்க்கும் அளவை முன்கூட்டியே கட்டளையில் சொல்லிவிடுங்கள், இல்லையேல் கடைசிக் கட்டத்தில் கைவிடும். பாதியில் நின்றுபோன ஏற்றங்களின் துண்டுகள் கோப்புப் பட்டியலில் தெரியாது. ஆனால் மாதாந்திர பில்லில் ஏறும். ஏழு நாளுக்கு மேல் முடியாமல் கிடப்பதைத் தானே அழிக்கும்படி கிடங்கிலேயே விதி ஒன்று எழுதிவைக்கலாம்.